சுவரில் ஒரு கணக்கு

குத்துக்கல்வலசையிலிருந்து தென்காசிப் பள்ளிக்குச் செல்லும் என்னை, நகரில் குடியிருக்கும் மூதாட்டி ஒருத்தி வழிமறித்தாள். வழக்கறிஞர் அறிவிப்பைப் படித்துக் காட்ட வேண்டுமாம். நாற்பதாண்டுக் குடித்தனம்! ஒப்பந்தம் எங்கே?

"வாய்ச்சொல் போதும்னாரு பெரியவரு, தம்பி."

பெரியவர் மறைந்தார், மகன் வந்தார், வாய்ச்சொல்லும் மறைந்தது.

1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் நீங்கி, 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையா? அதுவே வெளியேற்றக் காரணம்! எழுத்தறியாதவளிடம் எழுத்தைக் கேட்கிறது சட்டம். ஆயினும் வாடகை நீதிமன்ற ஆணையின்றி வெளியேற்ற இயலாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தவும் கூடாது. அதனைச் சொன்னேன்.

அடுப்படிச் சுவரைக் காட்டினாள். வாடகை கொடுத்த மாதத்திற்கொரு கரிக்கோடு.

"இந்தச் சுவத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக முடியுமாய்யா?"

பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எண்ணத் தொடங்கினேன்.