கொல்லையில் நின்ற ஜீப்

ஆண்களுக்குப் பழைய வண்டியின் மேல் வருகிற பாசம் தனி ரகம். புதிதாக ஒரு மிக்ஸி வாங்க ஆறு மாதம் கணக்குப் பார்க்கிறவர்கள், துருப்பிடித்த இரும்புக் கூட்டின் முன்னால் நின்று கண் கலங்குவார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டு ஜீப்பை எழுப்பி நிறுத்திய வேலையில் பாதி என் தலையிலும் விழுந்தது. அந்தப் பாதி, வீட்டில் ஜீப்பே இல்லாத சகோதரிகளுக்கும் உபயோகப்படும் என்று தோன்றியதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் போடிநாயக்கனூர். மேற்கே மலை ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளத்து ஏலத்தோட்டங்கள். தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு விடிகாலையில் ஜீப்புகள் இன்றைக்கும் வரிசையாக மலையேறுகின்றன. என் மாமனாரிடம் இருந்ததும் அப்படி ஒன்றுதான். 1968-ம் வருஷத்து மஹிந்திரா, ‘சி.ஜே. 3பி’ என்கிற ரகம். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கப் பட்டாளத்துக்காக வில்லீஸ் கம்பெனி செய்த ஜீப்பின் வம்சம். அமெரிக்காவில் 1953-ல் வந்த இந்த ரகத்தை மஹிந்திரா நம் நாட்டிலேயே செய்து வெகுகாலம் விற்றது. இதன் பானெட் மற்ற ஜீப்பைவிட உயரம். முகவாயைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். உள்ளே இருக்கிற எஞ்சின் உயரமானது, அதனால் மூடியையும் உயர்த்திவிட்டார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில், “இந்த வண்டிக்கு என்ன இவ்வளவு கர்வம்?” என்று கேட்டு, மாமாவைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

2004-ல் வண்டி நின்றது. புளிய மரத்தடியில் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மூடினால் பத்திரம் என்று எல்லோரும் நினைக்கிறோம். மழை ஈரமும் புளிய இலையும் தார்ப்பாய்க்குள் சேர்ந்து, காற்றாட வழியில்லாமல் 18 வருஷம் ஊறின. அரிவாள்மனையைத் துடைக்காமல் ஈரத் துணியில் சுற்றி வைத்தால் என்ன ஆகும்? அதேதான்.

2022 வைகாசியில் மாமாவுக்கு 82 வயது நடந்தது. ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்தபடி என் கணவரிடம், “ஏப்பா, அதிலே ஒரு தடவை மெட்டுக்குப் போயிட்டு வரணும்” என்றார். அவ்வளவுதான். மறுநாளே தார்ப்பாய் கீழே இறங்கிவிட்டது.

டிங்கர் வேலை தெரிந்த ஒருவர் வந்து, சின்னச் சுத்தியலால் வண்டியைத் தட்டிக்கொண்டே போனார். சந்தையில் நாம் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி. நல்ல தகடு ‘ணங்’ என்றது; செத்த தகடு ‘சொத்’ என்றது. ஓட்டுகிறவர் கால் வைக்கிற இடம், அவர் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டாங்க் உட்கார்ந்திருந்த குழி, தரையைத் தாங்குகிற பட்டைகள் எல்லாம் போய்விட்டன. சேஸ் மட்டும் கல்லு மாதிரி இருந்தது. அந்தக் காலத்தில் எஞ்சினும் கியர் பெட்டியும் ஆயில் ஒழுகுகிறது என்று மாமா திட்டாத நாளில்லை. ஒழுகின ஆயில் பட்ட இடமெல்லாம் துருவிலிருந்து தப்பித்திருந்தது!

போல்ட்டுகளைக் கழற்றத்தான் நாள் பிடித்தது. இரும்பு துருவானால் பல மடங்கு உப்பிவிடும். அதனால் நட்டு இறுகிப்போய் அசையாது. தினம் சாயங்காலம் எண்ணெய் விட்டு, மறுநாள் தட்டி, மறுபடி எண்ணெய் விட்டு... சின்னச் சின்னச் சாமான்களுக்குத் துரு எடுக்கிற பொறுப்பை நான் வாங்கிக்கொண்டேன். மளிகைக் கடையில் ‘எலுமிச்சை உப்பு’ என்று விற்கிறார்களே, அதில் ஒரு கைப்பிடியை ஒரு லிட்டர் வெந்நீரில், பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சாமான்களை ராத்திரி முழுக்க ஊறப் போட வேண்டும். காலையில் பிரஷ்ஷால் தேய்த்தால் துரு கருப்புச் சேறாக வந்துவிடும். பிறகு சலவைச் சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் காய வைத்து எண்ணெய் தடவ வேண்டும். அரை மணி அசந்தாலும் மஞ்சள் பூத்துவிடும். துருவேறிய இரும்பு வாணலிக்கும் இதே வைத்தியம் பலிக்கும். ஆனால் நன்றாகக் கழுவி, சமையல் எண்ணெய் விட்டு மறுபடி பழக்கின பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும்.

புரட்டாசியில் பெயிண்ட் சுரண்ட ஆரம்பித்தார்கள். இங்கேதான் விஷயமே இருக்கிறது.

அந்த ஜீப்பின் மேல் வெங்காயத் தோல் மாதிரி பூச்சுக்கு மேல் பூச்சு. பச்சை, அதற்கடியில் சாம்பல், மறுபடி பச்சை, கடைசியாக நல்ல ஆரஞ்சுச் சிவப்பு. என் கணவரும் பையனும் வாடகைக்கு ஒரு கிரைண்டர் எடுத்து வந்து ‘கிர்ர்’ என்று பிடித்தார்கள். பதினைந்தே நிமிஷத்தில், பத்தடி தள்ளிக் கொடியில் காய்ந்த மாமாவின் வெள்ளை வேட்டியில் செம்மண் தூவின மாதிரி ஒரு படலம். விரலால் தொட்டுப் பார்த்தேன். மாவு மாதிரி வழுவழுவென்று இருந்தது. கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

காரணம் இல்லாமல் இல்லை. அடுத்த மாதம் ஐப்பசியில் என் மகளுக்கு வளைகாப்பு. அது முடிந்து தலைப்பிரசவத்துக்கு இந்த வீட்டுக்குத்தான் வரப்போகிறாள். முந்தின வாரம்தான், வீட்டுக்குச் சுண்ணாம்பு, பெயிண்ட் அடிக்கலாமா என்று அவளைப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தேன். “புதுசா அடிக்கிறதைவிட, பழைய பெயிண்டைச் சுரண்டுறதுதாம்மா ஆபத்து. அதிலே காரீயம் இருக்கும்” என்று அவர் சொன்னது காதிலேயே இருந்தது.

ஈயம் என்றதும் நமக்கு ரசம் வைக்கிற ஈயச் சொம்புதான் ஞாபகம் வரும். அது வெள்ளீயம், வேறு உலோகம். சுத்தமான வெள்ளீயமாக இருந்தால் பயமில்லை. இது காரீயம், நஞ்சு. பெயிண்ட் சீக்கிரம் காயவும், நிறம் எடுப்பாக இருக்கவும் அந்தக் காலத்தில் இதைத் தாராளமாகச் சேர்த்தார்கள். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க முதல் பூச்சாகப் பூசிய ஈயச் செந்தூரம் முழுக்கவே காரீயம்தான். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்ததே 2016-ல். நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன்னால் அடித்த கதவு, ஜன்னல் கம்பி, கிரில் எதையும் சந்தேகப்படத்தான் வேண்டும்.

இந்தத் தூசி மூச்சிலும் போகும், கைவழியாக வாயிலும் போகும். தவழ்கிற குழந்தை தரையைத் தொட்டு விரலைச் சப்பினாலே போதும். பெரியவர்களைவிடக் குழந்தைகள் உடம்பு இதை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பிணிக்கு இன்னும் மோசம். தாயின் ரத்தத்தில் இருப்பது நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகும். போதாததற்கு, காரீயம் எலும்பில் போய்ப் பல வருஷம் ஒளிந்துகொள்ளும். பிள்ளைக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டி எலும்பு கரையும்போது அதுவும் கூடவே வெளியே வரும். அதனால்தான் கேழ்வரகு, பால், கீரை, டாக்டர் கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரை இவற்றை விடாதே என்கிறார்கள். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்த உடம்பு காரீயத்தை இன்னும் அதிகமாக வாங்கிக்கொள்ளுமாம்.

இதையெல்லாம் சொன்னதும் வீட்டில் ஒரே மௌனம். என் கணவர், “ஏதோ ஒரு வாரத்து வேலை. அவள் வர்றதுக்குள்ளே முடிச்சுக் கழுவி விட்டுடறேன்” என்றார். “மண்ணிலே விழுந்ததை எப்படிக் கழுவுவீங்க?” என்றேன். அவருக்குக் கோபம். “அப்போ நிறுத்திடவா? பிள்ளை பிறந்து, எழுந்து, அவ மாமியார் வீட்டுக்குப் போற வரைக்கும் ஆறு மாசம். அப்பா இருப்பாரா?” என்று கேட்டுவிட்டார். திண்ணையில் மாமா காதில் விழுந்திருக்கும். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் கேட்டதும் நியாயம்தானே! ஒரு பக்கம் இன்னும் பிறக்காத பேரப்பிள்ளை. இன்னொரு பக்கம் 82 வயதில் ஒரே ஒரு ஆசை.

வழி சொன்னது மாமாதான். “பாடியை மட்டும் தூக்குங்கப்பா. எட்டு பேர் போதும்” என்றார். எனக்கு அப்போதுதான் தெரியும், போல்ட்டுகளைக் கழற்றினால் ஜீப்பின் மேல்கூடு தனியாகவும், எஞ்சினும் சக்கரமும் உள்ள சேஸ் தனியாகவும் வந்துவிடும் என்று. கூட்டை டெம்போவில் ஏற்றி, ஊருக்கு வெளியே என் கொழுந்தனாரின் தோட்டத்துக் களத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே குடியிருப்பவர் இல்லை, குழந்தைகள் இல்லை. கிணறும் தூரம்.

நான் சில கட்டளைகள் போட்டேன். கிரைண்டர் கூடாது, தண்ணீர் தெளித்து, தண்ணீர் உப்புத்தாளால்தான் தேய்க்க வேண்டும். கீழே பாலிதீன் விரிப்பு. சேறும் சக்கையும் மூடி போட்ட டின்னுக்குள். வெறும் கைக்குட்டை உதவாது. கொரோனா காலத்தில் வாங்கிய என்.95 முகமூடி. சாப்பாட்டுத் தூக்கு களத்துக்குள் வரக் கூடாது. அங்கேயே குளித்து உடை மாற்றித்தான் வீட்டுக்கு வர வேண்டும். அந்த உடையைக் குடும்பத் துணியோடு சேர்க்காமல் தனியாக அலசினோம். கொல்லையில் தூசி விழுந்த மேல்மண்ணை நனைத்து, சுரண்டி அள்ளினேன். வீட்டுக்குள் இரண்டு வாரம் துடைப்பமே எடுக்கவில்லை, ஈரத்துணிதான். பெருக்கினால் தூசி பறந்து மறுபடி உட்கார்ந்துகொள்ளும். பையன், “அம்மா மிலிட்டரி ஜீப்புக்கு ஏத்த மிலிட்டரி” என்றான். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வெல்டிங்கும் அங்கேயே நடந்தது. பெட்ரோல் டாங்க்கை முன்னாடியே கழற்றி வெகுதூரம் தள்ளி வைக்கச் சொன்னார் டிங்கர். காலி டாங்க்தானே என்று நினைப்போம். நிறைந்த டாங்க்கைவிடக் காலி டாங்க்குக்குள் தங்கியிருக்கிற ஆவிதான் வெடிக்கும். ஜி.ஐ. தகடு போடலாம், துருவே பிடிக்காது என்று ஒரு பேச்சு வந்தது. அதை அவரே வேண்டாமென்றார். ஜி.ஐ. தகட்டின் துத்தநாகப் பூச்சு எரிந்து வருகிற புகையைச் சுவாசித்தால் ராத்திரி குளிரும் காய்ச்சலும் மலேரியா மாதிரி தூக்கிப் போடுமாம். “பால் குடிச்சா சரியாயிடும்னு சொல்வாங்க, அதெல்லாம் சும்மாக்கா” என்று சிரித்தார். பழைய பிரேக் கட்டைகளை ஊதித் துடைக்கவும் அவர் விடவில்லை. அந்தக் காலத்துக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். நனைத்துத் துடைப்பதுதான் உத்தமம். துருத் தகடு கிழித்த கைக்குத் தனுர்வாத ஊசி போட்டுக்கொண்டார்கள். துருவினால் தனுர்வாதம் வருவதில்லை, மண்ணில் இருக்கிற கிருமியால் வருகிறது. ஆழமான காயம் எதுவானாலும் ஊசி வேண்டும். இப்போது அதோடு தொண்டை அடைப்பான் மருந்தும் சேர்த்தே போடுகிறார்கள்.

செலவைப் பற்றி விவரமாகச் சொன்னால் என் சீட்டுப் பணத்தின் சோகக் கதை வெளியே வரும், விட்டுவிடுகிறேன். ஆர்.சி. புதுப்பிப்பதும் ஒரு பெரிய அலைச்சல். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கென்று 2021-ல் தனிப் பதிவு முறை வந்திருக்கிறது. ஆனால் அதில் பதிந்தால் கண்காட்சி மாதிரி விசேஷங்களுக்குத்தான் ஓட்டலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. அதனால் சாதாரணமாகவே புதுப்பித்தோம்.

தை மாதம் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. 2 கிலோ 900 கிராம். அதே மாதம் கூட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து, நன்றாகக் காய விட்டு, மாசியில் வீட்டுக்குக் கொண்டுவந்து சேஸ் மேல் உட்கார வைத்தார்கள்.

2023 சித்திரையில் ஒரு காலை மாமாவை முன் சீட்டில் உட்கார வைத்து, பக்கத்தில் தலையணை கொடுத்து, மெட்டுக்குக் கிளம்பினோம். குழந்தையும் மகளும் வாசலில் நின்று பார்த்ததோடு சரி. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் சூடேறி ஆவி கக்கியது. வண்டியை ஓரம் கட்டி, முக்கால் மணி ஆற வைத்தோம். மாமாவுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. “அப்பவும் இதே வளைவிலேதான் நிக்கும்” என்று சொல்லி, நான் கொண்டுபோன இட்லியை அங்கேயே பிரிக்கச் சொன்னார். பிறகு மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம். ரேடியேட்டரை அடைப்பு எடுக்கப் பட்டறைக்குக் கொடுத்தோம். வைகாசி முகூர்த்தங்கள் முடிந்ததும் மறுபடி கிளம்பி, அந்தத் தடவை மெட்டில் டீ குடித்துவிட்டுத்தான் இறங்கினோம்.