பழைய போர்டுக்குப் புது கார்டு

எங்க அக்கா பையன் காதுகுத்து, சீர், கல்யாணம்னு சுத்துப்பட்டு ஊர்களுக்குப் போய் வீடியோ எடுக்கிறான். எடிட்டிங் வீட்டுலயேதான். ஆவணியில ரெண்டு கல்யாணத்துக்கு அட்வான்ஸும் வாங்கிட்டான். ஆனா கம்ப்யூட்டர் இழுத்துக்கிட்டுக் கிடக்குது. மஞ்சள் வித்த காசுல 15 ஆயிரம் எடுத்துக் குடுத்து, "கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டுக்க கண்ணு"ன்னேன்.

டவுன் கடையில 6500 எக்ஸ்டின்னு ஒண்ணை எடுத்து நீட்டினாங்க. 2022-ல வந்த மாடல், வாரண்டியும் உண்டு. பையன் கையை வைக்கலை. "நம்ம போர்டு ஹெச்61-ங்க மாமா, இது ஒத்து வராதுங்க"ன்னான்.

சொருகினா உக்காருமான்னு கேட்டேன். உக்காரும், அதுல சிக்கல் இல்லையாம். அப்புறம் அவன் சொன்னதுதான் உங்கள்ல சில பேருக்கு உபயோகப்படும்.

போர்டுல என்ன சிப்செட்னு தெரிஞ்சா, அதுல எந்தத் தலைமுறை பிராசசர் உக்காரும்னு தெரியும். கார்டு சொருகுற நீள ஸ்லாட்டுக்கு லைன் சிப்செட்ல இருந்து வர்றதில்லை, நேரா பிராசசர்ல இருந்து வருது. இவன்கிட்ட இருக்கிறது ரெண்டாம் தலைமுறை ஐ5. அதனால பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 வேகம்தான். அந்தப் புது கார்டு பார்க்க நீளமா இருந்தாலும் உள்ளே 4 லைன்தான் ஓடுது. 4.0 போர்டுல அதுவே விநாடிக்கு 8 ஜிபி கிட்ட கடத்திரும். இவனோடதுல 2 ஜிபிதான். ஏழரை ஹெச்பி மோட்டாரை இறக்கிட்டு ஒரு இஞ்சு ஓஸ்ல தண்ணி பாய்ச்சுற மாதிரி.

இன்னொண்ணு, வீடியோவை என்கோட் பண்ற வசதியே அந்தக் கார்டுல கிடையாதாம். விளையாடுற பசங்களுக்குப் பரவால்ல, இவன் பொழப்பே அதுதானே! போதாததுக்கு தனியா 6 பின் கரண்டு வயர் வேற கேக்குது. இவன் எஸ்எம்பிஎஸ்ல அது இல்லை.

அவன் மனசுல இருந்தது ஜிடிஎக்ஸ் 1650. 2019 மாடல், 16 லைன், 75 வாட். ஸ்லாட்டு குடுக்கிற கரண்டே போதும்ங்கிற மாதிரியும் வருது. 2.0-லயும் 8 ஜிபி கடத்தும். ஆனா பழைய போர்டுல பயாஸ் பழசா இருந்தா சில கார்டுக்குப் படமே வராதாம். அதனால பயாஸைப் புதுசாக்கிட்டு, பெட்டியையே வண்டியில வெச்சு செகண்ட்ஹேண்ட் கடைக்குத் தூக்கிட்டுப் போனோம். மாடு வாங்குறவன் ஏர்ல பூட்டி நாலு சால் ஓட்டிப் பார்க்காம காசு குடுப்பானா? அங்கேயே மாட்டி, ஒரு கல்யாண வீடியோவை ஓடவிட்டுப் பார்த்துட்டுத்தான் பணம் குடுத்தான்.

மிச்சக் காசுக்கு யூபிஎஸ் கேக்குறான். எங்க ஊரு கரண்டுக்கு அதுவும் நியாயம்தானுங்க.