நைலான் கயிறும் என் ஊசலும்

சென்ற பருவத்தில் தனி ஊசல் சோதனையில் எனக்கு 9.6 வந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே; தவறு என்றால் அவமானம் என்று அஞ்சி, 9.8 வரும்படி எண்களைத் திருத்தினேன். அந்த வாரம் திருவண்ணாமலை மாவட்ட நூலகத்தில் சுஜாதாவின் முதல் நாவலான ‘நைலான் கயிறு’ கிடைத்தது. 1968-இல் குமுதத்தில் தொடராக வந்தது. இயற்பியல் பட்டம் பெற்றுப் பின் மின்னணுப் பொறியாளரானவர் எழுதியது.

பம்பாயில் ஒரு கொலை. வளவள வருணனை இல்லை. சிறு சிறு வாக்கியங்கள். ‘சான்று எங்கே?’ என்று நம்மைக் கேட்க வைக்கும் நடை. வழக்கறிஞர் கணேஷ் முதன்முதலாகத் தோன்றுவதும் இதில்தான். இவை நிறைகள்.

குறையும் உண்டு. கொலையின் காரணத்தை இடையிடையே வரும் நாட்குறிப்பே நமக்குச் சொல்லிவிடுகிறது. தேடிக் கண்டடையும் மகிழ்ச்சி அந்த அளவுக்குக் குறைகிறது.

விடையைக் கையில் வைத்துக்கொண்டு வழி எழுதியவன் நானும்தானே! மறுவாரம் விரிவுரையாளரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, “மீண்டும் அள” என்றார். அளந்தேன். நூலின் நீளத்தை மட்டும் எடுத்து, குண்டின் ஆரத்தைக் கூட்டாமல் விட்டிருந்தேன்!

நண்பர்களே, எண்ணைத் திருத்தியபோது மறைந்த பிழை, தேடியபோது கிடைத்தது.