நாத்தான் வீட்டுக்குப் போனான்

வேதாகமத்தில் நேர்மையான மனிதர் யார் எனக் கேட்டால் எம்மவர்கள் உடனே யோசேப்பையும் தானியேலையும் சொல்வார்கள். வேதக்காரர் அல்லாத எமக்கும் இக்கதைகள் தெரியும். எசமானின் மனைவி பிடித்திழுத்த அங்கியை விட்டுவிட்டு ஓடியவன் யோசேப்பு. தடைக்குப் பிறகும் யன்னலைத் திறந்து வைத்துப் பிரார்த்தித்தவன் தானியேல். இருவரும் அந்நிய தேசத்தில், அந்நிய அதிகாரத்தின் முன் வளையாதவர்கள். அது இலேசான காரியமல்ல. ஆனாலும் அந்நியன் முன் நிமிர்ந்து நிற்பவனுக்குப் பின்னால் அவனுடைய சனம் நிற்கும். சொந்த அரசன் முன் நிற்பவனுக்குப் பின்னால் யார்?

லில்லெஸ்ட்ரோமில் நாம் வேலை செய்யும் உணவகத்தின் குசினியில் எரித்திரியர் ஒருவர் இருக்கிறார். முடிவில்லாத கட்டாய இராணுவ சேவையிலிருந்து தப்பி வந்தவர். இரவு சட்டி பானை கழுவி முடிந்து, ஒஸ்லோ ரயிலுக்கு நேரமிருந்தால் தன் மொழியில் வேதாகமம் வாசிப்பார். அதில் தனக்கு நெருக்கமானவன் உரியாதான் என்று ஒருநாள் சொன்னார். ஒரு சிப்பாய்க்கு இன்னொரு சிப்பாய். அதற்குப் பிறகே இரண்டாம் சாமுவேலின் பதினோராம், பன்னிரண்டாம் அதிகாரங்களை நாம் ஒழுங்காக வாசித்தோம்.

உரியா இஸ்ரவேலன் அல்ல, ஏத்தியன். அவன் போர்க்களத்தில் நிற்கையில் தாவீது அரசன் அவனது மனைவி பத்சேபாளை அழைப்பித்துக் கொள்கிறான். அவள் கருவுறுகிறாள். விஷயத்தை மறைக்க உரியாவை வரவழைத்து, வீட்டுக்குப் போய் இளைப்பாறச் சொல்கிறான். தோழர்கள் வெளியில் கூடாரமிட்டுக் கிடக்கையில் தான் மட்டும் வீடு போவதா என்று மறுத்து, அரண்மனை வாசலிலேயே படுத்துக்கொள்கிறான் உரியா. மறுநாள் குடிக்கக் கொடுத்தும் அவன் போகவில்லை. கடைசியில், அவனைச் சண்டை மும்முரமான இடத்தில் நிறுத்திவிட்டுப் பின்வாங்குமாறு தளபதி யோவாபுக்கு எழுதிய கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறான் அரசன். (பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவிய ஆறுமுகநாவலரும் இந்த இடத்தில் எழுத்தாணியைச் சற்றுக் கீழே வைத்திருப்பார் என்றே நினைக்கிறோம்.)

பிறகு நாத்தான் வருகிறான். பணக்காரன் ஒருவன் ஏழையின் ஒரேயொரு ஆட்டுக்குட்டியைப் பறித்து விருந்து வைத்த கதையைச் சொல்கிறான். அந்தப் பணக்காரன் சாகவேண்டியவன் என்று அரசன் கொதிக்கிறான். அவன் நீதான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான் நாத்தான். தாவீது தன் பாவத்தை ஒப்புக்கொள்கிறான். அதன்பின் நாத்தான் தன் வீட்டுக்குப் போனான் என்று ஒரு சின்ன வரி வருகிறது. அந்த வரியைத் தாண்ட எமக்குக் கனநேரம் பிடித்தது.

ரஜனி திராணகம வீடு போய்ச் சேரவில்லை. யாழ் மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர். 1989 செப்ரெம்பர் 21, வேலை முடிந்து சைக்கிளில் போகும்போது சுட்டார்கள். அவரும் மூன்று நண்பர்களும் எழுதிய 'முறிந்த பனை' இலங்கை இராணுவத்தை மட்டுமல்ல, இந்திய இராணுவத்தையும் எமது இயக்கங்களையும் கேள்வி கேட்டது. சுட்டவர்கள் புலிகள் என்றே பரவலாக நம்பப்படுகிறது. கவிஞர் செல்வியைப் புலிகள் 1991 ஓகஸ்டில் கொண்டுபோனார்கள். 1992 இல் பென் அமைப்பு அவருக்குப் பரிசளித்தபோது அதை வாங்க அவர் வரவில்லை. பிறகும் வரவில்லை. நாம் பாதியில் விட்டு வந்த படிப்புக் காலத்தில் இப்பெயர்களைக் கதவு சாத்திய அறைகளுக்குள்தான் கேட்டோம்.

நோர்வேக்காரர் தம் நேர்மைக்கு உதாரணமாகப் பிஷப் பெர்க்ராவைச் சொல்வார்கள். 1942 பெப்ரவரியில் குவிஸ்லிங் ஆட்சியை எதிர்த்து எல்லாப் பிஷப்புகளும் அரச பதவியைத் துறந்தார்கள். ஈஸ்டரன்று பெரும்பாலான குருமாரும் துறந்தார்கள். பெர்க்ராவைக் காவலில் வைத்தார்கள். பெரிய காரியம், ஆனால் அது தானியேலின் வகை. அதே வருடம் நவம்பர் 26 இல் 'டொனாவ்' என்ற கப்பலில் ஐந்நூறுக்கு மேற்பட்ட யூதர்களை ஒஸ்லோத் துறையிலிருந்து ஏற்றி அனுப்பினார்கள். பிடித்துக் கொடுத்ததில் நோர்வேப் பொலிசாருக்கும் பங்குண்டு. அதற்காக ஒரு பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2012 சனவரியில். நாத்தானின் வகைக்கு இந்தப் பணக்கார, அமைதியான நாட்டிலேயே எழுபது வருடம் பிடித்திருக்கிறது.

வேதாகமத்திலும் இந்தத் தடுமாற்றம் இருக்கிறது. அதே அரசனின் கதையைத் திரும்பச் சொல்லும் நாளாகமத்தில் இந்தச் சம்பவம் இல்லை. அந்த யுத்தம் இருக்கிறது, கிரீடம் இருக்கிறது, உரியாவின் சாவு இல்லை. ஆனால் சாமுவேலை ஒருவரும் கொளுத்தவில்லை. இரண்டும் ஒரே புத்தகத்துக்குள் கிடக்கின்றன. மத்தேயு இயேசுவின் வம்சவரலாற்றை எழுதும்போதுகூட பத்சேபாளின் பெயரைச் சொல்லாமல் உரியாவின் மனைவி என்றே எழுதுகிறார்.

நவம்பர் மாதம் நாமும் மண்டபத்துக்குப் போய் விளக்கேற்றுகிறோம். இறந்த பிள்ளைகளுக்காக அழுவதில் எமக்கு எந்த மாறுபாடும் இல்லை. அந்த மண்டபத்தில் ரஜனியின் படத்தையும் ஒரு மூலையில் வைக்கலாமா என்று ஒரு அண்ணரிடம் கேட்டோம். "தம்பி, அதுக்கு இன்னும் காலம் வரேல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.