கட்டணமில்லாத கதவு

செங்கற்பட்டிலிருந்து சென்னைக்குச் சென்று திரும்புவது ஒரு பெரிய காரியமா என்று நேயர்கள் கேட்கலாம். மின்சார ரயிலில் ஏறினால் ஒன்றரை மணிக்குள் கிண்டியில் இறங்கிவிடலாம். ஆனால் ஒரு குழந்தையைக் கையில் பிடித்து, மற்றொன்றை இடுப்பில் சுமந்து, வழி தெரியாமல் புறப்படும் தாய்க்கு அது காசி யாத்திரைதான்.

கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஒன்பது தளங்கள் கொண்ட அம்மாளிகையில் முதல் தளம் குழந்தைகளுக்கே உரியது. நடுவில் ஒரு செயற்கை மரம் கிளை பரப்பி நிற்கிறது. சுற்றிலும் புத்தகங்கள். வாரக் கடைசியில் கதை சொல்லுதல் முதலிய நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. நுழைவுக் கட்டணம் ஒரு காசும் கிடையாது.

முதல் முறை என் மாணவர் சிலரையும் அவர்தம் தாய்மாரையும் அழைத்துச் சென்றபோது, நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தை மட்டுமே குறித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்கள் குறைவு என்பதை மறந்தேன். கிண்டியில் பஸ்ஸுக்காக வெயிலில் வெகுநேரம் நின்றோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கதை முடிந்து குழந்தைகள் எழுந்துகொண்டிருந்தார்கள். செங்கற் சூளையில் ஒரு நாள் கூலியை இழந்து வந்திருந்த அம்மாள் ஒருத்தி, "பரவாயில்லை ஸார், மரத்தையாவது பார்த்தானே!" என்றாள். அந்தச் சமாதானம் என்னைச் சுட்டது. தவறு என்னுடையதே.

மறுமுறை திரும்பும் ரயிலிலிருந்து கணக்கைத் தொடங்கினேன். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ரயிலில் கட்டணமில்லை. பன்னிரண்டு வயதுக்குள் அரைக் கட்டணம். சாதாரண நகரப் பஸ்களில் ஸ்திரீகளுக்குக் கட்டணம் 2021-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. இவற்றோடு ஏறுமிடம், இறங்குமிடம், போகவர நேரம் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் தமிழில் எழுதித் தாய்மார் ஒவ்வொருவரிடமும் கொடுத்தேன். கதை தொடங்க அரைமணி இருக்கும்போதே குழந்தைகள் மரத்தடியில் அமர்ந்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் எனக்கு ஜுரம், போக இயலவில்லை. திங்களன்று சூளைக்காரப் பையன் வகுப்பில் எழுந்து, தான் கேட்டு வந்த கதையை முழுதும் சொன்னான். அவன் தாய் அக்காகிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு தானாகவே அழைத்துப் போயிருக்கிறாள்!

எல்லோருக்கும் பொது என்று கதவைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது. தேசத்தின் கடைசிக் குழந்தை அவ்வாசலுக்கு வந்து சேரும் வழியையும் நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.