ஒட்டி நின்று பொருதல்

எட்டி நின்று தாக்குவது ஒரு திறம்; ஒட்டி நின்று பொருதுவது மற்றொரு திறம். முன்னதை யாவரும் கண்டு மகிழ்வர். பின்னதைக் காண்பதற்கோ காண்பாருக்கும் பயிற்சி வேண்டும். இன்றைய குத்துச்சண்டை அரங்கில் முன்னது வளர்ந்து, பின்னது தேய்ந்து வருகிறது. அத்தேய்வின் காரணத்தை ஆராய்ந்தால், இது குத்துச்சண்டையோடு முடிந்துவிடும் செய்தி அன்று என்பது புலனாகும்.

சிகாமட் பட்டணத்தை அடுத்த ஒரு சிற்றில்லத்தில் எழுபத்தைந்து வயதை நெருங்கும் பெரியவர் ஒருவர் வாழ்கிறார். பால்மரக் காட்டில் உழைத்து ஓய்ந்தவர். இளமையில், தோட்டத்து லயத்தின் பின்புறம், மாலை வேளைகளில் சிலம்பமும் குத்துவரிசையும் பயின்றவர். அவருடைய மகள்வழிப் பேரன் குத்துச்சண்டை கற்று வருகிறான். ஒருநாள் போட்டியில் தோற்று, வாடிய முகத்துடன் வீடு திரும்பினான்.

"எதிராளி கிட்ட வந்துவிட்டால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, தாத்தா. கட்டிப் பிடித்துக்கொண்டு, நடுவர் வந்து பிரிக்கட்டும் என்று காத்திருந்தேன்."

"உன்மேல் குற்றமில்லை, தம்பி. கிட்ட நிற்க உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை" என்றார் பெரியவர்.

அவர் நினைவு 1975ஆம் ஆண்டிற்குச் சென்றது. அவ்வாண்டு ஜூலை முதல் நாள், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகம்மது அலியும் ஜோ பக்னரும் மோதினர். மலேசிய மண்ணில் உலகப் பட்டத்திற்காக நிகழ்ந்த அந்தப் போட்டி 15 சுற்றுகளும் நீடித்தது. பக்னர் பெரும்பாலும் தற்காப்பிலேயே கருத்தூன்றினார்; புள்ளிகளால் அலி வென்றார். மூன்று திங்கள் கழித்து, அக்டோபர் முதல் நாள், அதே அலி மணிலாவில் ஜோ பிரேசியரைச் சந்தித்தார். பிரேசியர் உயரத்திலும் கைநீளத்திலும் அலியைவிடக் குறைந்தவர். எட்ட நின்றால் அவருக்கு வாழ்வில்லை. ஆகவே தலையைத் தாழ்த்தி, இடுப்பை அசைத்து, அலியின் நீண்ட கைகளுக்கு உட்புறம் புகுந்து, மார்போடு மார்பாக நின்று விலாவைத் தாக்கினார். பதினான்கு சுற்றுகளின் முடிவில் அவர் கண்கள் வீங்கி மூடிக்கொள்ளவே, பயிற்றுநர் எடி பட்ச் போட்டியை நிறுத்தினார். வென்ற அலியும் நிற்கவே வலுவின்றித் தளர்ந்திருந்தார். செய்தித்தாளில் இரண்டு போட்டிகளையும் படித்துப் படித்துப் பேசிய காலத்தைப் பெரியவர் இன்றும் மறக்கவில்லை.

ஒட்டிப் பொருதல் வெறும் முரட்டுத்தனம் என்று எண்ணுவோர் உளர். அஃது அறியாமை. நெற்றியை எதிராளியின் தோளில் பதித்து, அவன் எடையை உணர்தல். முழங்கைகளை விலாவோடு ஒடுக்கி வைத்தல். அவன் கைக்கு உட்புறமாகத் தன் கையை நுழைத்து, அவன் குத்தைப் பிறக்குமுன்பே தடுத்தல். அரையடி பக்கவாட்டில் நகர்ந்து, தனக்கு வழியும் அவனுக்குத் தடையும் உண்டாக்கல். ஒரு சாண் இடைவெளியில், பாதத்திலிருந்தும் இடுப்பிலிருந்தும் வலுவைத் திரட்டிக் குத்துதல்—இவை யாவும் நுண்ணிய கல்வியே.

இக்கல்வி ஏன் தேய்ந்தது? ஒலிம்பிக் போட்டிகளில் 1992 முதல் 2012 வரை மின்பொறியால் புள்ளி கணக்கிடப்பட்டது. ஐந்து நடுவர்களுள் மூவரேனும் ஏறத்தாழ ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால்தான் குத்து கணக்கில் ஏறும். நீண்டு சென்று முகத்தில் படும் குத்து எல்லார் கண்ணுக்கும் தெரியும். தோளின் மறைவில் விலாவிற் பதியும் குறுங்குத்து எத்தனை பேர் கண்ணுக்குத் தெரியும்? கணக்கில் ஏறாததைப் பயிற்றுநர் கற்பிப்பாரா? மாணவர்தாம் கற்பாரா? தொட்டுவிட்டு விலகும் ஆட்டமே சிறப்புற்றது. 2013இல் அம்முறை மாற்றப்பட்டது. எனினும், மறைந்த கலை முன்போல் திரும்பவில்லை. ஒரு தலைமுறை கல்லாது விட்டதை அடுத்த தலைமுறைக்கு யார் கற்பிப்பது?

தொழில்முறை அரங்கிலும் மாற்றம் நேர்ந்தது. 1982 நவம்பரில் ரே மன்சினியோடு பதினான்காம் சுற்றுவரை பொருத கொரிய வீரர் கிம் டுக் கூ உயிரிழந்தார். அதன்பின் பட்டப் போட்டிகள் 15 சுற்றுகளிலிருந்து 12ஆகக் குறைக்கப்பட்டன. உடலைத் தாக்கும் குத்துகளின் பயன் பிற்பட்ட சுற்றுகளிலேதான் கனியும். அந்தச் சுற்றுகள் குறைந்தமை ஒட்டிப் பொருவாருக்கு இழப்பே. ஆயினும் ஓர் உயிரின் விலையில் வந்த அவ்விதியைக் குறைகூற எவருக்கு மனம் வரும்?

பெரியவரின் மகளும் அதைத்தான் கேட்டாள்: "அப்பா, பிள்ளை தலையில் அடி வாங்கவா சொல்லித்தரப் போகிறீர்கள்?"

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பயம் எனக்கும் உண்டம்மா. ஆனால், கிட்ட வந்தவனிடம் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறானே, அவன்தான் அதிகம் அடி வாங்குவான்" என்றார்.

மறுநாள் மாலை, டுரியான் மரத்தடியில் ஒரு கோணிச்சாக்கை விரித்தார். பேரனும் அவன் தோழனும் அதன்மேல் நிற்க வேண்டும், சாக்கைவிட்டுக் கால் வெளியே போகலாகாது, குத்தும் கூடாது. ஒருவன் எடையை ஒருவன் உணர்ந்து, நிலைகுலையாது நிற்பதே பாடம். பேரனின் கால் கணப்பொழுதில் வெளியே பாய்ந்தது.

"எட்ட நின்றால் கண் போதும், தம்பி. ஒட்டி நின்றால் உடம்பெல்லாம் கண்ணாக வேண்டும்" என்று கூறி, நடுங்கும் கையால் அவன் தோளைத் திருத்தினார்.

தமிழ் கற்பார்க்கு இக்காட்சி புதியதன்று. ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி வென்ற நிகழ்ச்சியைப் புறநானூற்றில் சாத்தந்தையார் பாடியுள்ளார். ஒரு கால் மல்லனின் மார்பில் ஊன்றியதையும், மற்றொரு கால் அவன் சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப்புறம் வளைந்ததையும் அப்புலவரின் கண் தவறவிடவில்லை. மகனோடு பிணங்கியிருந்த தந்தை தித்தன் இதைக் காணவேண்டும் என்றும் அவர் விரும்பினார். காணத் தெரிந்த ஒருவர் இருந்தமையால், அந்த நெருங்கிய போர் இரண்டாயிரம் ஆண்டுகளாக அழியாது நிற்கிறது.

வகுப்பறைக்கும் இது பொருந்தும். தேர்வு அளக்கும் திறனே கற்பிக்கப்படுகிறது. அளவுகோலுக்கு அகப்படாத திறன் ஓசையின்றி மறைகிறது. செய்யுளை வாய்விட்டு இசையோடு படித்தலுக்கும், ஒரு மாணவனின் அருகமர்ந்து அவன் தடுமாற்றத்தை உணர்தலுக்கும் புள்ளிப் பட்டியலில் இடமுண்டோ? இடமில்லை என்பதற்காக அவை பயனற்றவை ஆகிவிடுமோ?

மூன்றாம் வாரம், பேரனின் கால்கள் சாக்கின்மேல் நிலைத்தன. தோழனின் தோளில் நெற்றி பதித்து, மூச்சை அடக்கி, அவன் அசையுமுன் அசைந்தான். அருகிலிருந்த எவருக்கும் அது தெரியவில்லை. பெரியவர் மட்டும் கண்டார், தலையசைத்தார்.