வடக்கே பார்த்த வெந்நீர்

உங்கள் வீட்டு மொட்டை மாடியில் சூரிய வெந்நீர்க் கருவி இருக்கிறதா? தயவு செய்து மாடிக்குப் போய், அது எந்தத் திக்கைப் பார்க்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். நான் பார்க்காமல் எட்டு மாதம் ஏமாந்தேன்.

2023 மே மாதம் சீட்டுப் பணம் ரூ. 28,000 கைக்கு வந்தது. மாமியாருக்கு மூட்டு வலி. வெந்நீர் இல்லாமல் குளிக்க முடியாது. கீஸரோ கரண்டைக் குடித்தது. அதைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, கண்ணாடிக் குழாய்க் கருவியை மாட்டச் செய்தேன். "இனிமேல் கரண்ட் பில்லைப் பார்த்துச் சிரிப்பீங்கம்மா!" என்றார் மாட்டியவர்.

ஆனியில் தண்ணீர் கொதித்தது. ஆனியில் யாருக்கு ஐயா வேண்டும் வெந்நீர்! மார்கழியில் வெதுவெதுப்புக்கூட இல்லை. அடுப்பில் அண்டாவை ஏற்றினேன். "கேஸ் எதற்கு வீணாக?" என்று மாமியார் ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

கம்பெனிக்குப் போன் செய்தால், "மார்கழியில் வெயில் கம்மி மேடம்" என்றார்கள். விஷயத்தைக் கண்டுபிடித்தவன் ஏழாவது படிக்கும் என் பிள்ளை. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுவரைதான் உச்சிச் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்குமாம். மற்ற மாதங்களில் தெற்கே. மார்கழியில் ரொம்பவே தெற்கே. எங்கள் கருவியோ கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி வடக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது! குழாய் இழுக்க அந்தப் பக்கம்தான் சௌகரியமாம்.

ரிஜிஸ்தர் தபாலுக்குப் பதில் இல்லை. 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். "பார்க்கிறோம்" என்று கம்பெனியார் சொன்னதோடு சரி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன் என்றதும், "கோர்ட்டு வாசலா!" என்று அவர் பதறினார். 2019-ஆம் வருஷத்துச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம்; வக்கீல் கட்டாயமில்லை; கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். ரசீது? நல்ல வேளை, பஞ்சாங்கத்துக்குள் பத்திரமாக இருந்தது.

நோட்டீஸ் போனதும் இரண்டு ஆட்கள் ஓடி வந்து கருவியைத் தெற்கே திருப்பினார்கள். "மனுவை வாபஸ் வாங்கிடுங்கம்மா" என்றார்கள். எடைக்குப் போன கீஸரும், வீணாய்ப் போன மார்கழியும் எந்தக் கணக்கில் சேரும்? வாங்கவில்லை. கடைசியில் ஆணையத்தின் முன்னால் எழுத்து மூலம் ரூ. 6,000 தந்து சமரசம் செய்துகொண்டார்கள்.

2024 மார்கழியில் ஒரு நாள் குளியலறையிலிருந்து மாமியாரின் குரல்: "அம்மாடி, கொதிக்கிறதே! கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விளாவேன்!"